பழைய மோட்டார் வண்டிக்குப் புகைக்குழாய் பொருத்தும் முறை

அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. இன்றும் ஓடும் அவ்வண்டிகளுக்கு வெளிக்கடையில் வாங்கும் புகைக்குழாய் சில வேளைகளில் சரிவரப் பொருந்துவதில்லை. குழாய் அடித்தட்டில் இடிக்கும். இணைப்பில் புகை கசியும். இதனை வெறும் இரைச்சல் என்று எண்ணலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. வண்டிக்குள் புகுந்தால் உயிரையே பறிக்கும்.

திருத்தும் முறை வருமாறு:

1. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே தொடங்குக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகாமல், உறுதியான தாங்கிகளை அச்சின் அடியில் வைக்கவும்.

2. எல்லாக் கிளாம்புகளையும் தளர்த்துக. பாவில் ஓரிழை மட்டும் இறுகினால் அறுந்துபோகும். அதுபோல ஒரு முனையை முடுக்கிவிட்டு மறுமுனையை இழுத்தால் இணைப்பு விரிசல் விடும்.

3. எஞ்சின் முனையில் புதிய காஸ்கெட் இட்டு, குழாய் முழுவதையும் தளர்வாகத் தொங்கவிடுக. அடித்தட்டு, பிரேக் குழாய் இவற்றிற்கு ஒரு விரற்கடை இடைவெளியேனும் இருத்தல் வேண்டும். பின்னச்சு மேலும் கீழும் அசையுமாதலால் அங்கு இன்னும் மிகுதியாக விடுக.

4. முன்னிருந்து பின்னாக முடுக்குக.

5. திறந்த வெளியில் எஞ்சினை ஓட்டி, குழாயின் வாயைத் தடித்த துணியால் கணநேரம் அடைத்தால், கசியும் இணைப்பு சீறிக் காட்டிக்கொடுக்கும்.

வளைவே தவறாயின் வலிந்து இழுத்துக் கட்டாதீர்கள். குழாயைக் கழற்றிய பின்னரே பற்றவைக்கச் செய்க. பெட்ரோல் தொட்டியின் அருகில் நெருப்பு ஆகாது.

சில நாள் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்குதல் நலம்.