பிழையை ஒளிக்காத கருவி

அன்புள்ள தம்பி இளங்கோ,

தமிழிலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாய். அச்சுப் புத்தகங்களை யாருடைய துணையும் இல்லாமல் நீயே படிக்க எந்தச் செயலி நல்லது, எந்தக் கருவிக்குப் பணம் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். விற்பவர்கள் உன்னிடம் வேகத்தைச் சொல்வார்கள், குரலின் இனிமையைச் சொல்வார்கள், எத்தனை மொழி தெரியும் என்று சொல்வார்கள். அவற்றையெல்லாம் கேட்டுக்கொள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கருவி தவறாகப் படிக்கும்போது, அது தவறு என்று எனக்குத் தெரியவருமா? தவறே செய்யாத கருவி இதுவரை வரவில்லை. கண் தெரிந்தவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துத் திருத்திக்கொள்வார். உனக்கோ அந்தப் பக்கம் கருவியின் வாய்வழியாக மட்டுமே வந்து சேர்கிறது. அதனால் பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவி சற்றுக் கரகரத்த குரலில் பேசினாலும் உனக்கு உதவும். பிழையை மழுப்பிவிடும் கருவி தேன்போலப் பேசினாலும் உன்னைக் கெடுக்கும். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பார்வையற்றவர் அச்சைத் தாமே படிக்க வேண்டும் என்ற முயற்சிக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1913-இல் இங்கிலாந்தில் ஃபோர்னியே டால்ப் என்ற இயற்பியலர் ஆப்டோஃபோன் என்ற கருவியைச் செய்தார். வெளிச்சம் பட்டால் செலினியத்தில் மின்சாரம் பாயும் அளவு மாறும். அந்தக் குணத்தைக் கொண்டு எழுத்தின் வடிவத்தை அது சுருதிகளாக மாற்றியது. மேரி ஜேம்சன் என்ற பெண்மணி நெடுங்காலம் பழகி, நிமிடத்துக்கு 60 சொற்கள் வரை அதில் படித்தார் என்கிறார்கள். பிறகு அமெரிக்காவில் ஜான் லின்வில் என்ற பேராசிரியர், பார்வையற்ற தம் மகளை மனத்தில் வைத்து உருவாக்கிய ஆப்டகான் 1971-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கையால் சிறு கேமராவை வரிமேல் நகர்த்தினால், மறு கையின் ஆள்காட்டி விரலுக்கடியில் 144 ஊசிகள் அதிர்ந்து எழுத்தின் உருவத்தை வரைந்துகாட்டும். மெதுவான வாசிப்புதான். ஆனால் ஒன்றைக் கவனி. இந்த இரண்டு கருவிகளுக்கும் எந்த மொழியும் தெரியாது. தமிழோ ஆங்கிலமோ, இசைக்குறிப்போ கணக்கோ, தாளில் இருக்கும் உருவை அப்படியே கொடுக்கும். அது என்ன எழுத்து என்று முடிவு செய்பவர் படிப்பவர். 1976-இல் ரே கர்ஸ்வைல் வெளியிட்ட வாசிப்பு இயந்திரத்தில்தான் இந்த உறவு மாறியது. எழுத்தைக் கணினியே அடையாளம் கண்டு, கணினியே உரக்கப் படித்தது. விரல் நோகத் தேவையில்லை, மாதக்கணக்கில் பயிற்சி தேவையில்லை, வேகம் பலமடங்கு. ஆயிரக்கணக்கானோருக்குப் புத்தகக் கதவைத் திறந்த வேலை அது. அதே நாளில், "இது இன்ன எழுத்து" என்று தீர்மானிக்கும் பொறுப்பும் வாசகரின் விரலிலிருந்து இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஆப்டகான் தயாரிப்பு 1996-இல் நின்றது. இன்று உன் கைப்பேசியில் இருக்கும் ஒவ்வொரு வாசிப்புச் செயலியும் கர்ஸ்வைல் வழியில் வந்ததே. எனவே இயந்திரத்தின் தீர்மானத்தைச் சரிபார்க்கும் வழியை நீயாகத்தான் தேடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு அந்தத் தேவை இன்னும் கூடுதல். நம் அச்செழுத்தில் ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே உரு. மேலே ஒரு புள்ளி மங்கிவிட்டால் "அவர்" என்பதை, படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரி "அவா" என்று எடுத்துக்கொள்ளும். "தலைவர்" என்பது "தலைவா" ஆகும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். காதில் விழும்போது எந்த உறுத்தலும் இராது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பானால் "கெடு" "கேடு" ஆகிவிடும். எகரத்தின் அடியில் சிறு கோடு கூடினால் "எடு" "ஏடு" ஆகிவிடும். இதற்கு மேல் உன் துறைக்கே உரிய சிக்கல் ஒன்று: 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை வேறு வடிவில் அச்சாகின. நீ தேடப்போகும் பழைய உரைநூல்களும் பதிப்புகளும் அந்த வடிவில்தான் இருக்கும். புதிய எழுத்தில் மட்டும் பழக்கப்பட்ட எழுத்துணரி அங்கே தடுமாறும். பழைய நூல்களின் பாட்டெண்கள் தமிழ் எண்களில் இருந்தால், ஒன்றைக் ககரமென்றும் இரண்டை உகரமென்றும் அது படித்துவிட்டுப் போகும்.

"98 விழுக்காடு துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்த்தால் மயங்காதே. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். ஒரு பக்கத்தில் 1,600 எழுத்துக்குறிகள் என்று வை. நூற்றுக்கு இரண்டு பிழை என்றால் 32 பிழைகள். நம் மொழியில் வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொண்டு சொல் நீண்டுபோகும். ஒரு சொல்லுக்கு எட்டுக் குறிகள் என்று கொண்டால் அந்தப் பக்கத்தில் 200 சொற்கள்தான். அந்த 32 பிழைகளும் சிதறி விழுந்தால் ஏறக்குறைய 30 சொற்கள் கெட்டிருக்கும், அதாவது ஏழு சொல்லுக்கு ஒன்று. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை எழுத்துணரி வழியாக ஏற்றியிருக்கிறார்கள். அங்கேயும் இயந்திரம் தந்த உரையை அப்படியே நம்புவதில்லை. பக்கத்தின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒருவர் மெய்ப்புப் பார்த்தபின், இன்னொருவர் மறுபடியும் சரிபார்க்கிறார். கண்ணுள்ளவர்களே இரண்டு முறை பார்க்கும் வேலையை, நீ ஒருமுறை காதால் கேட்டு முடித்துவிட முடியுமா?

"அக்கா, அதெல்லாம் பழைய கதை, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே" என்று நீ சொல்வாய். வந்துவிட்டது, நன்றாகவும் படிக்கிறது. 2015-இல் பார்வையுள்ள தன்னார்வலர்களைக் காணொளியில் இணைக்கத் தொடங்கிய பி மை ஐஸ் செயலியே 2023-இல் படத்தை விவரிக்கும் நுண்ணறிவையும் சேர்த்துக்கொண்டது. இத்தகைய கருவிகள் முன்பின் சொற்களைப் பார்த்து ஊகிக்கின்றன. "அவா வந்தார்" என்று தெரிந்தால் "அவர் வந்தார்" என்று தாமே திருத்திவிடும். மளிகைப் பொட்டலத்துக்கும் பேருந்து அறிவிப்புக்கும் அதைத் தயங்காமல் பயன்படுத்து. ஆனால் இந்தத் திறமைக்குள்ளேயே ஆபத்தும் இருக்கிறது. பழைய எழுத்துணரி தவறினால் உளறும். உளறல் காதைத் தட்டி எழுப்பும். புதிய கருவி தவறினால் இலக்கணப் பிசகில்லாத, பொருள் தருகிற வாக்கியத்தைச் சொல்லும்; அது தாளில் இருக்கவே இருக்காது. மங்கிய வரியைத் தாண்டிப் போகாமல் தானே நிரப்பிவிடும். இலக்கிய மாணவனுக்கு இது சின்ன விஷயமா? பாடபேதம் என்பதே ஓர் எழுத்து, ஒரு புள்ளியைப் பற்றிய வழக்கு. ஊரறிந்த பாடத்தைப் பலமுறை பார்த்துப் பழகிய கருவி, உன் கையிலுள்ள பதிப்பில் அபூர்வமான பாடம் இருந்தாலும் ஊரறிந்ததையே படித்துக்காட்டக்கூடும். வட்டாரச் சொல்லை "சரியான" சொல்லாக்கும். ஊர்ப்பெயரைத் தெரிந்த ஊராக்கும். எண்களுக்கோ ஊகிக்க முன்பின்னே கிடையாது: 3-ஐ 8 என்றால் உன் தேர்வுத் தேதி மாறிவிடும்.

ஆகவே எந்தக் கருவியானாலும் மூன்று வசதிகள் இருக்கின்றனவா என்று பார். படித்த உரையைக் கோப்பாக உன்னிடம் தர வேண்டும். வெறுமனே ஒலித்து ஓய்ந்துவிடக் கூடாது. அந்தக் கோப்பில் நீ சொல்சொல்லாக, எழுத்தெழுத்தாக நடக்க முடிய வேண்டும். பக்கத்தின் படமும் கூடவே சேமிக்கப்பட வேண்டும். சந்தேகமான இடத்தை வேறோர் எழுத்துணரியில் ஓட்டிப்பார்க்கவோ நண்பனிடம் கேட்கவோ அது வேண்டும். இரண்டு வெவ்வேறு எழுத்துணரிகள் ஒரு சொல்லில் முரண்பட்டால், நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம். எச்பி நிறுவனத்தில் பிறந்து 2005-இல் திறமூலமாக வெளிவந்த டெசராக்ட் எழுத்துணரியும் இலவசம். தமிழ் அறியும், இணையமின்றி உன் கணினியிலேயே இயங்கும். வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை யாரோ ஒருவருடைய சர்வருக்கு அனுப்பாமல் இதில் படித்துக்கொள். படம் எடுப்பதில் கைப்பேசியைவிடத் தட்டை ஸ்கேனர் நம்பகமானது: நிழல் விழாது, தாள் வளையாது, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் பெரும்பாலான அச்சுக்குப் போதும். கைப்பேசிதான் என்றால் அதை நிலையாகப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கு. செயலியை மாற்றுவதைவிட அது அதிகப் பலன் தரும்.

பிரெய்லை விட்டுவிடாதே. கேட்டே படித்துவிடலாமே என்று பலர் சொல்வார்கள். ஆனால் நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ளகரத்தையும் ழகரத்தையும் பல குரல்கள் தெளிவாகப் பிரித்துச் சொல்வதில்லை. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளிக் கூட்டம். ரகரமும் துணைக்காலும் அங்கே தூரத்து உறவுகூட இல்லை. எழுத்துணரி தந்த உரையை 20 செல் கொண்ட சின்ன பிரெய்ல் டிஸ்பிளேயில் ஓட்டினால், காது கோட்டைவிட்ட பிழையை விரல் பிடித்துவிடும். பெரிய தொகையைச் செலவழிக்கத்தான் போகிறாய் என்றால், நிறுத்தி எழுத்துக்கூட்டிப் பார்க்க வழியில்லாமல் உரக்கப் படிக்க மட்டும் செய்யும் கேமராக் கண்ணாடியைவிட இதற்கே செலவழி என்பேன். கண்ணாடிக்கு அதற்கான இடம் உண்டு. தெருவில், கடையில், கை இரண்டும் வேலையாக இருக்கும்போது அதன் அருமை தெரியும். படிப்பு மேசையில் அதற்கு வேலை குறைவு.

இப்படி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தால் பாடம் எப்போது முடியும் என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் அப்படிப் படிக்கச் சொல்லவில்லை. நாவலை வேகமாகக் கேள். பத்துப் பிழை இருந்தாலும் கதை நழுவாது. மேற்கோள் எடுக்கும் வரியை, ஆண்டை, பெயரை, விண்ணப்பப் படிவத்தை மட்டும் நின்று பார். தேவைப்படும் இடத்தில் நிற்க முடிகிற கருவி உன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "நண்பர்கள் படித்துக்காட்டுவார்களே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. நல்ல வாசிப்பாளர் கிடைத்தால் எந்தக் கருவியும் அவருக்கு ஈடில்லை. சந்தேகத்தைத் தீர்க்கும் கடைசி நீதிமன்றம் அவரே. ஆனால் அவர் நேரம் அவருடையது. முழுப் புத்தகத்தையும் அவர் தலையில் கட்டாமல், நீ குறித்துவைத்த பதினைந்து இடங்களை மட்டும் கேட்டால் அவரும் மகிழ்ச்சியோடு வருவார்.

ஸ்கேன் செய்யத் தேவையே இல்லாத புத்தகங்களும் நிறைய உண்டு. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூலைப் படியெடுக்க நம் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்துக்குப் பின் இடம் தருகிறது. இதற்கான உலக உடன்பாடு 2013-இல் மராக்கேஷில் கையெழுத்தானது. 2014-இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் முதலில் தேடு. மின்னூல் திரட்டான மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் பார். பிடிஎஃப் கிடைத்தவுடன் எழுத்துணரிக்கு ஓடவும் வேண்டாம். பழைய கோப்புகள் பல, யுனிகோடு அல்லாத பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அங்கே "அம்மா" என்ற சொல் உள்ளே எம், கே, செமிகோலன், கே, எச் என்றுதான் பதிந்திருக்கும். திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதே. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினால், எழுத்துணரியால் வரும் பிழை ஒன்றுகூட இல்லாத உரை உனக்குக் கிடைக்கும்.

கடைக்குப் போகும்போது உன் பையில் சில தாள்களை எடுத்துப்போ. 1978-க்கு முந்திய நூலின் பக்கம் ஒன்று, இப்போதைய பாடநூல் பக்கம் ஒன்று, பத்திகள் பிரிந்த செய்தித்தாள் ஒன்று, எண்கள் நிறைந்த மதிப்பெண் பட்டியல் ஒன்று. அவற்றில் உள்ளது என்ன என்பதை முன்னதாகவே நண்பனிடம் கேட்டு பிரெய்லில் எழுதி வைத்துக்கொள். கருவி படிக்கும்போது விரலால் ஒத்துப்பார். கூடவே, எதுவும் எழுதாத வெற்றுத்தாள் ஒன்றையும் வை. அதை நீட்டி, படிக்கச் சொல். "எழுத்து இல்லை" என்று சொன்னால் மற்றத் தாள்களைக் காட்டு. எதையாவது படித்துக்காட்டினால், அந்தக் கருவியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு.

அன்புடன்,
அக்கா