தெருவில் கிடப்பது வீட்டுக்கு ஆகாதா?

தேவகோட்டையில் ஒருவருக்கு நாய் வளர்க்கும் ஆசை வந்தால், முதல் கேள்வி "லேப் குட்டி எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்பதாகத்தான் இருக்கிறது. மதுரையில் சொல்லிவைத்து, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறார்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் திண்ணையடியில் சுருண்டிருக்கும் நாயையோ, மீன் கடை வாசலில் குட்டிகளோடு காத்திருக்கும் பூனையையோ அழைத்துப் போகலாமே என்றால், ஆளுக்கொரு நம்பிக்கை குறுக்கே வந்து நிற்கிறது.

"தெரு நாய்க்கு நோய் அதிகம்."

உண்ணியும் சொறியும் குடற்புழுவும் எந்த நாய்க்கும் வரும். மருந்து கொடுத்தால் போய்விடும். போகாதவை பிறவிக் கோளாறுகள். லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் குறை பரம்பரையாக வருகிறது. பக் நாய் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறுகிறது. சைபீரியப் பனிக்கான ஹஸ்கியைச் சிவகங்கைச் சீமையில் கட்டிப்போடுவதைக் கொடுமை என்றுதான் சொல்வேன். நாட்டு நாயின் குட்டை முடிக்கும் ஒல்லி உடம்புக்கும் இந்த வெயில் பழகிப்போன ஒன்று.

"குட்டியாக எடுத்தால்தான் பழகும்."

நம் ஊரில் அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை இது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான இருவர் மட்டும் வசிக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அங்கே இரண்டு மாதக் குட்டி வந்தால், நாளுக்கு நாலு வேளை தீனி, ராத்திரியெல்லாம் அழுகை, பல் முளைக்கும் காலத்தில் செருப்பு முதல் நாற்காலிக் கால் வரை கடி. வளர்ந்த நாயின் குணமோ முன்கூட்டியே தெரிந்துவிடும். சோறும் அன்பும் கிடைக்கும் இடத்தில் நாலு வயது நாயும் சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும்.

காப்பகத்துக்குப் போனால், கூண்டுகளில் கேட்கும் கூட்டுக் குரைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாய் குரைத்தால் எல்லாம் குரைக்கும். பிடித்த நாயை வெளியே கூட்டிவரச் சொல்லி, பக்கவாட்டில் உட்கார்ந்து, கை நீட்டாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல் காத்திருங்கள். உடம்பு தளர்ந்து, வாலை அகலமாக ஆட்டிக்கொண்டு வருவது மனிதரை நம்பும் நாய். மூலையில் ஒடுங்குவதும் கெட்ட நாய் இல்லை. அதற்குச் சந்தடி குறைந்த வீடும் பொறுமையான ஆளும் வேண்டும். குழந்தையோடு எப்படி, பூனையோடு எப்படி, கோழியைக் கண்டால் என்ன செய்யும் என்று தினமும் சோறு வைக்கும் ஊழியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் யோசிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழும். மகன் வீட்டுக்கென்று மூன்று மாதம் கிளம்பினால் அதற்குச் சோறு வைப்பவர் யார்? ஆள் கிடைத்த பிறகு நாயை எடுங்கள்.

"நாய் உள்ளே வந்தால் தீட்டு."

நகரத்தார் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டியில் வைரவரைக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். அவருடைய வாகனம் நாய்தான்.

"குட்டி நாய் கடித்தால் ஒன்றும் ஆகாது."

ஆகும். இந்த ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். வெறிநோய் கண்ட பிராணி கடித்திருந்தால், குட்டிக்கும் நோய் வரும். அதன் எச்சில் வழியே நமக்கும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. கடிபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஊசி இலவசம். பூனை பிறாண்டினாலும் போக வேண்டும். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போடக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி 2000-களின் நடுவிலேயே ஒழிந்துவிட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். தத்தெடுத்த குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி.

"பூனை முடி வயிற்றில் போனால் இளைப்பு வரும், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது."

ஒவ்வாமை உள்ளவருக்குத் தொந்தரவு தருவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். முடியை விழுங்கி யாருக்கும் ஆஸ்துமா வருவதில்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி உண்மையானது. ஆனால் அது பூனையின் மலத்தில் வருவது, பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஒன்றிரண்டு வாரம்தான். வெளிவந்த மலம் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். வேகாத கறியும் கழுவாத கீரையும் கர்ப்பிணிக்குப் பூனையைவிடப் பெரிய ஆபத்து.

"வளர்க்க முடியாவிட்டால் காப்பகத்தில் விட்டுவிடலாம், கண்மாய்க்கரையில் விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்."

நல்ல மனசுக்காரர்களே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேதனை. சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விட்ட பூனைக்குட்டிக்கு எலி பிடிக்கத் தெரியாது; நாய்க்குத்தான் இரையாகும். பிராணி வதைத் தடுப்புச் சட்டம், 1960 இப்படிப் பட்டினியில் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. காப்பகமும் மாற்று வழி ஆகாது. 1959-இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் குடும்பம் வீட்டுக்குத் தூக்கி வந்ததிலிருந்து வளர்ந்தது இந்திய புளூ கிராஸ். அத்தகைய பழம்பெரும் அமைப்பிலும் நெரிசலான இடத்தில் தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோவும் டிஸ்டெம்பரும் எளிதில் தொற்றும். அங்கிருந்து ஒன்றை அழைத்து வருவதுதான் உதவி.

உச்ச நீதிமன்றம் எல்லா நாய்களையும் அடைக்கச் சொல்லிவிட்டது என்ற பேச்சும் உலவுகிறது. 2025 ஆகஸ்ட் 11 உத்தரவு டெல்லிப் பகுதிக்கானது. ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை மட்டும் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே, தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புபவர் உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் இருக்கிறது. காது நுனியில் சின்ன வெட்டு தெரிந்தால், கருத்தடை முடிந்த நாய் அது.

"ஒரு ஈற்றாவது போட்டால்தான் பெண் நாய்க்கு நல்லது" என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு மடிக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் தவிர்ந்துபோகிறது.

கடைசியாகச் சமையலறை. நம் செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் கிடையாது. இரண்டுமே நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. மிச்சக் குழம்பு பிசைந்த சோறு வேண்டாம். மசாலா சேர்க்கும் முன் வெந்த கறியில் கொஞ்சம் எடுத்து வைத்து, சோற்றில் பிசைந்து போடுங்கள். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்குதான் தரும், தண்ணீர் வையுங்கள். வானம் பார்த்த வளவு உள்ள வீட்டில், புதுப் பூனையை இரண்டு வாரமாவது கதவுள்ள ஓர் அறையில் வையுங்கள். முதல் மூன்று நாள் கட்டிலடியை விட்டு வராது, இழுக்காதீர்கள். ராத்திரி தீனித்தட்டு காலியாகிறதா, மண் தட்டு நனைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.