பெட்ரோல் மானியும் ஓம் விதியும்

பழுப்பு நிலக்கரி மின்சாரமாகும் நெய்வேலியில் மின்சுற்று எவருக்கும் புதிதன்று. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் போன்ற பழைய கார்களின் பெட்ரோல் மானியும் ஒரு மின்சுற்றே. தொட்டியிலுள்ள மிதவை ஏறி இறங்க மின்தடை மாறுகிறது. ஓம் விதிப்படி மின்னோட்டமும் மாறி முள்ளை நகர்த்துகிறது.

முள் அசையாவிடில் உடனே புதிய மானி வாங்குதல் வீண் செலவு. சாவியை அணைத்து, மிதவையின் ஒயரைக் கழற்றித் தனியே வைத்து, சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். மீண்டும் அணைத்து, ஒயரைக் காரின் உடலோடு இணைத்துச் சில நொடிகள் மட்டும் பாருங்கள். முள் ஒருமுறை ஒரு கோடிக்கும் மறுமுறை எதிர்க்கோடிக்கும் சென்றால் மானி நலமே. பழுது மிதவையிலோ துருவேறிய எர்த்திலோ இருக்கும். அசையாவிடில் ஃபியூஸ், ஒயர், மானி என வரிசையாகச் சோதிக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது: சாவி அணையாமல் ஒயரைத் தொட்டால் எழும் சிறு பொறியே பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதும்.