எலுமிச்சைக்குக் கிராம்பு காவல்

(பத்தாம் வகுப்பு அறிவியல் மன்ற மாணவியர்)

ஓர் ஐப்பசி அடைமழையில், எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் விற்பனைக்காக வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழ மூட்டையில் பாதி, பச்சைப் பொடி பூத்து வீணாயிற்று. அம்மாதம் அவளால் கட்டணம் கட்ட முடியவில்லை. "இதற்கு வழியே இல்லையா?" என்று அவள் கேட்டதே இக்கட்டுரைக்குக் காரணம்.

அப்பச்சைப் பொடி, பெனிசிலியம் டிஜிடேட்டம் என்னும் பூஞ்சையின் நுண்வித்துகளாகும். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங்குக்குப் பெனிசிலினைக் காட்டிக்கொடுத்த பூஞ்சைக்கு இது உறவு. ஒரே குடும்பத்தில்தான் எத்தனை குணபேதம்! பழுதில்லாத தோலை இதனால் துளைக்க இயலாது. நகக் கீறலும், முள் குத்திய புள்ளியும், கூடையில் பட்ட அடியுமே இதற்கு வாசல். புண்ணிலிருந்து கசியும் தோல் எண்ணெயின் மணம் வித்துகளை முளைக்கத் தூண்டுகிறது என்பதுதான் விந்தை.

பெரிய கிடங்குகளில் இமசாலில் போன்ற மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். நாளடைவில் அவற்றுக்கு அஞ்சாத பூஞ்சைகள் தோன்றிவிட்டன. ஆகவே ஆய்வாளர் பார்வை அடுக்களைப் பக்கமும் திரும்பியது. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன.

சிஸ்டரின் அனுமதியுடன் நாங்களும் சோதித்தோம். மூன்று பிஸ்கட் டின்களில் ஐந்தைந்து பழங்கள். ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தி, பச்சைப் பொடியைத் தொட்டு வைத்தோம். (மூக்கைத் துணியால் மூடிக்கொண்டுதான்!) முதல் டின்னில் எதுவும் சேர்க்கவில்லை, நான்காம் நாளே வெண்திட்டுகள், பிறகு பச்சை. இரண்டாவதில், பழத்தைத் தொடாதவாறு கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்தோம். பத்து நாள்வரை மூன்று பழங்கள் தப்பின. மூன்றாவதில் எண்ணெயைப் பழத்தின் மீதே தடவினோம். பூஞ்சை வரவில்லை, ஆனால் தோல் வெந்ததுபோல் பழுப்பேறிவிட்டது. ஆவியாக உதவுவது, நேரே பட்டால் தோலைச் சுட்டுவிடுகிறது. பதினைந்து பழங்களை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாதென்று சிஸ்டர் எச்சரித்தார்.

தோழியின் தாயாரும் ஒரு பெட்டியில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பழங்கள் கெடவில்லை. ஆனால் வாங்க வந்த ஒருவர், "என்னம்மா, பல்வலி மருந்து வாசனை அடிக்கிறதே!" என்றாராம். நாங்கள் இந்தச் சிக்கலை எண்ணியும் பார்க்கவில்லை. இப்போது அவர் கீறல் விழுந்த பழங்களை முதலிலேயே பொறுக்கி ஊறுகாய்க்கு ஒதுக்கிவிடுகிறார். நல்ல பழங்களை ஈரம் போக உலர்த்தி அடுக்குகிறார். பஞ்சு மழை நாள்களில் மட்டும். விற்பதற்கு முன்தினம் பெட்டியைத் திறந்து காற்றாட விடுகிறார்.

அடுத்து ஓம எண்ணெயைச் சோதிக்கப் போகிறோம். டின்கள் தயார்.