எல்லாம் சேர்த்து ஒரே விலை

அன்புள்ள தம்பி,

ஏப்ரலில் வகுப்பு நண்பர்களோடு துருக்கிக்கு, அந்தால்யா பக்கம் சிதே ஊருக்குப் போவதாக எழுதியிருந்தாய். விமானம், அறை, சாப்பாடு, குடிபானம் எல்லாம் சேர்த்து அவ்வளவு குறைந்த விலையா, இதில் ஏதாவது ஏமாற்று இருக்குமோ என்றும் கேட்டிருந்தாய். ஏமாற்று இல்லை. ஆனால் அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே வரும் எரிச்சலில் பாதி குறையும். ஹோட்டல் சமையலறைக் கணக்கு பார்ப்பவள் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டியவர் பில்லி பட்லின். இங்கிலாந்தின் கண்காட்சித் திடல்களில் வளையம் எறியும் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் கடலோர விடுதிகளை நடத்திய அம்மாமார்கள், காலைச் சாப்பாடு முடிந்ததும் தங்கியிருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். மழை பெய்தாலும் குடும்பத்தோடு தெருவில் திரிய வேண்டியதுதான். வேல்ஸின் பாரி தீவில் அதைப் பார்த்தபோதுதான் தனக்கு யோசனை பிறந்தது என்று பட்லின் பின்னால் சொல்லியிருக்கிறார். 1936இல் ஸ்கெக்னஸில் முகாமைத் திறந்தார். சின்னச் சின்ன அறைகள், மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டம் பாட்டு எல்லாம் சேர்த்து, பருவத்தைப் பொறுத்து வாரத்துக்கு 35 ஷில்லிங்கிலிருந்து 3 பவுண்டு வரை. ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பதுதான் விளம்பரம். இரண்டு வருடத்தில், 1938இல், சம்பளத்தோடு விடுப்பு தரும் சட்டமும் பிரிட்டனில் வந்தது.

முதலில் வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார்களாம். கூட்டத்தைக் கலகலப்பாக்க பட்லின் ஓர் ஊழியரை ஏவினார். அப்படித்தான் சிவப்புக் கோட்டுக்காரர்கள் என்ற பட்டாளம் உருவானது. உன் ஹோட்டலில் காலையிலேயே மைக்கைப் பிடித்துக்கொண்டு நீச்சல்குளத்துக்கு ஆள் கூப்பிடும் 'அனிமேஷன்' பிள்ளைகள் அந்த வம்சம்தான்.

நீ ஜெர்மனியின் ரூகன் தீவில் பார்த்துவிட்டு வந்த புரோரா விடுமுறைக் கட்டடமும் அதே 1936இல் தொடங்கியதுதான். நாலரை கிலோமீட்டர் நீளம், ஒரே சமயத்தில் 20,000 பேர், எல்லாருக்கும் கடலைப் பார்த்த ஒரே அளவு அறை என்பது நாஜிகளின் திட்டம். போர் வந்துவிட்டது, அவர்கள் காலத்தில் ஒருவர்கூட அங்கே விடுமுறையைக் கழிக்கவில்லை. கூட்டத்துக்கென்று கட்டுவதில் மலிவும் உண்டு, மனிதரை மந்தையாக்கும் ஆசையும் உண்டு.

இனி கணக்குக்கு வருகிறேன். டூர் கம்பெனிகள் மாதக்கணக்கில் முன்பே அறைகளை மொத்தமாகப் பேசி வைத்துவிடும். கோடைக்கு முன் அறை காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த விலைக்கு நிரம்புவது முதலாளிக்கு மேல். சாப்பாடு நம்மூர்க் கல்யாணத்து இலைக்கணக்கு மாதிரி: தலைக்கு இவ்வளவு என்று சராசரி போட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். வரிசையின் தொடக்கத்தில் ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு இருக்கும். இறைச்சி கடைசியில் இருக்கும், அதையும் சமையல்காரரே வெட்டித் தருவார். அதனால் முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டை எடு. கட்டிய காசுக்குத் தின்றே ஈடுகட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. உன் நாலு தட்டைப் பக்கத்து மேசைப் பாட்டியின் அரைத் தட்டு சரிசெய்துவிடும். நீ வாங்கியிருப்பது, ஒவ்வொரு வேளையும் பர்ஸைத் தொட்டுப் பார்க்காத ஒரு வாரம். மாணவனுக்கு அதுவே பெரிது.

சைவத்துக்கு என்ன கிடைக்கும் என்று அம்மா கவலைப்படுகிறாள். மைசூர்ப் பருப்பு சூப், தயிர், ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், கத்தரிக்காய் எல்லாம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள். பேருந்துக் கூட்டம் இறங்கியதும் சாப்பாட்டுக்கூடம் திணறும். கதவு திறந்தவுடன் போய்விடு. மேடைக்கு எதிர்ப்பக்கம் அறை கேள், இல்லாவிட்டால் நள்ளிரவுவரை பாட்டுதான். வந்தவுடன் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டுவார்கள். கிளம்பும்வரை கழற்ற முடியாது. வெளிநாட்டுச் சரக்குக்குப் பெரும்பாலும் தனிக்காசு.

ஒரு நாளாவது அந்தப் பட்டையோடு வெளியே போ. எல்லாம் உள்ளேயே கிடைப்பதால் விருந்தாளிகள் வாசலைத் தாண்டுவதில்லை என்பது அந்த ஊர்க் கடைக்காரர்களின் நியாயமான குறை. டோல்முஷ் என்ற சிற்றுந்து ஏறினால் பழைய சிதேக்குப் போகலாம். கடலோரத்தில் அப்பல்லோ கோயில் தூண்கள் நிற்கின்றன. நேரம் இருந்தால் அஸ்பெந்தோஸுக்கும் போ. அங்கே இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய நாடக அரங்கின் மேடைச்சுவர்கூட இடியாமல் இருக்கிறது. ஒரு கடையில் உட்கார்ந்து காசு கொடுத்துத் தேநீர் குடி.

அறை சுத்தம் செய்யும் பெண்ணுக்குக் கடைசி நாள் அல்ல, முதல் நாளே ஏதாவது கொடு; கடைசி நாளில் வேறொருத்தி வரக்கூடும். திரும்பும் விமானம் இரவில் என்றால், நண்பகலில் அறையைக் காலி செய்த பிறகும் சாப்பிட விடுவார்களா, பெட்டியை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே வரவேற்பில் விசாரித்து வை.

அன்புடன்,
அக்கா