நீலம் தாமிரத்தினுடையதா, நீரினுடையதா?

கேள்வி: மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் மறைந்து வெண்பொடியாகிறது; சிறிது நீர் பட்டதும் நீலம் திரும்பிவிடுகிறது. நிறம் தாமிரத்தினுடையது என்றால் சூடாக்கும்போது அது எங்கே போகிறது? நீருக்கோ நிறமே இல்லையே?

பதில்: நீர் நீங்கினால் நிறமும் நீங்கும் என்று பள்ளிப் பாடங்களில் சொல்லப்படும் விடை பிழையன்று, ஆயினும் அது நடப்பதைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை. மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட்டின் நீலப் படிகத்தில், ஒவ்வொரு தாமிர அயனிக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு என்றாலும் அவை ஒரே நிலையில் இல்லை: நான்கு மூலக்கூறுகள் தாமிரத்தைச் சுற்றிச் சதுரத்தின் மூலைகளில் நேரடியாகப் பிணைந்திருக்க, ஐந்தாவது ஹைட்ரஜன் பிணைப்புகளால் சல்பேட்டைப் பற்றியிருக்கிறது, சதுரத்தின் மேலும் கீழும், சற்றே விலகி, சல்பேட்டுகளின் ஆக்சிஜன் அணுக்கள் நிற்கின்றன. இவ்வாறு மைய உலோக அயனிக்கு எலக்ட்ரான் இணைகளை ஈந்து பிணையும் மூலக்கூறுகளும் அயனிகளும் ஈனிகள் என்றும், அவையும் மைய அயனியும் சேர்ந்த தொகுதி அணைவு என்றும் பெயர் பெறும்.

உலோக அயனி தன் இணைதிறனுக்கு அப்பாலும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அண்டைத் துகள்களைப் பிணைத்துக்கொள்ளும் என்பதை 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் முன்வைத்தார். 1913-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அணைவுகளின் வடிவத்தைத் தெளிவாக்கிய அவரது கொள்கையால் அவற்றின் நிறத்தை விளக்க இயலவில்லை. அதற்குக் குவாண்டம் இயற்பியல் பிறக்க வேண்டியிருந்தது. 1929-இல் ஹான்ஸ் பெத்தே வகுத்த படிகப்புலக் கொள்கையே அந்த வாயிலைத் திறந்தது.

தனித்திருக்கும் தாமிர அயனியின் ஐந்து டி-ஆர்பிட்டால்களும், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய அந்த ஐந்து வெளிகளும், ஒரே ஆற்றல் கொண்டவை. ஈனிகள் நெருங்கும்போது, அவற்றை நேராக நோக்கி நீளும் ஆர்பிட்டால்களின் ஆற்றல் விலக்கு விசையால் உயர்கிறது. ஈனிகளுக்கு இடையே நீள்பவற்றின் ஆற்றல் தாழ்கிறது. தாமிர அயனியில் ஒன்பது டி-எலக்ட்ரான்கள் இருப்பதால் மேல்நிலையில் ஓர் இடம் காலியாக உள்ளது; கீழ்நிலை எலக்ட்ரான் அங்கே தாவ, இடைவெளிக்குச் சமமான ஆற்றலுடைய ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நீர் ஏற்படுத்தும் இடைவெளிக்கு உரிய உறிஞ்சல் 800 நானோமீட்டரை ஒட்டி உச்சம் பெற்று அதன் ஓரம் சிவப்புப் பகுதிக்குள் நீள்வதால், வெண்ணொளியில் சிவப்பு குறைந்து எஞ்சியது நீலமாகத் தெரிகிறது.

சூடாக்கும்போது நீர் படிப்படியாக வெளியேறுகிறது. கடைசி மூலக்கூறு விலகச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அப்போதும் தாமிரம் ஈனியின்றித் தனித்துவிடுவதில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. நீர் விட்ட இடங்களைச் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் நிரப்புகின்றன. அவை நீரைவிட வலுக்குறைந்த ஈனிகளாதலால் இடைவெளி சுருங்கி, உறிஞ்சல் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்கிறது. ஆகவே வெண்பொடியும் ஒளியை உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் கண் காணக்கூடிய ஒளியை அது ஏறக்குறைய முழுமையாக விட்டுவிடுகிறது.

எதிர்த்திசையில் சென்றாலும் இவ்விளக்கம் பொருந்துகிறது. நீலக் கரைசலில் அம்மோனியாவைச் சிறிது சேர்த்தால் முதலில் வெளிர்நீல ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். மேலும் சேர்த்தால் அது கரைந்து, நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் நீரை விலக்கிவிட்டுத் தாமிரத்துடன் பிணைய, அடர்ந்த ஊதாநீலம் தோன்றும். நீரைவிட வலிய ஈனியான அம்மோனியா இடைவெளியை விரிக்க, உறிஞ்சல் 600 நானோமீட்டரை நெருங்குகிறது. மாணிக்கக் கல்லின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் ஒரே குரோமிய அயனியால் விளைபவை. முன்னதில் அலுமினிய ஆக்சைடும் பின்னதில் பெரில் கனிமமும் அதைச் சூழ்ந்திருக்க, மரகதத்தில் புலம் சற்றே தளர்வாக இருப்பது ஒன்றே இத்தனை வேறுபாட்டுக்கும் போதுமானதாகிறது. எனவே கேள்வியில் உள்ள நீலத்தைத் தாமிரத்துக்கு மட்டுமோ நீருக்கு மட்டுமோ உரிமையாக்க முடியாது. அவை பிணைந்த அணைவுக்கே அது உரியது.

கேள்வி: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மாங்கனீசில் டி-எலக்ட்ரானே இல்லை என்கிறார்கள். பிறகு அது ஏன் ஊதாவாக இருக்கிறது?

பதில்: மேலே சொன்ன தாவல் அங்கே நிகழ வழியில்லை என்பது உண்மையே. அதில் நிறம் வேறு வழியில் பிறக்கிறது: மாங்கனீசைச் சூழ்ந்த ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் மாங்கனீசின் காலியான ஆர்பிட்டாலுக்கு இடம் மாறுகிறது, இது மின்சுமை மாற்றம் எனப்படும். டி-ஆர்பிட்டால்களுக்கிடையேயான தாவல் குவாண்டம் விதிகளால் தடுக்கப்பட்டது, அயனியின் அதிர்வுகளால் அவ்விதி தளரும் அளவுக்கே அரிதாக நிகழ்வது. மின்சுமை மாற்றத்துக்கு அத்தடை இல்லை. ஒரே செறிவில் வைத்து ஒப்பிட்டால் பெர்மாங்கனேட் கரைசல் தன் உறிஞ்சல் உச்சத்தில், தாமிர சல்பேட் கரைசல் தன் உச்சத்தில் உறிஞ்சுவதைவிட நூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒளியை உறிஞ்சுவதும், ஓரிரு துகள்களே ஒரு வாளித் தண்ணீரை நிறமேற்றிவிடுவதும் இதனால்தான்.