அந்தப் படிவத்தில் உண்மையை எழுதலாமா?

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம் ஊர் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். பணியாளர்களின் மனநலத்தை அறிவதற்காக நிறுவனம் அனுப்பிய கேள்விப் படிவத்தைக் கைப்பேசியில் காட்டினார். ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை என்று நம்மிடம் சொன்னவர், படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'நன்றாக இருக்கிறேன்' என்றே குறித்து அனுப்பியிருந்தார். "உண்மையை எழுதினால் அடுத்த பதவி உயர்வில் என் பெயர் இருக்குமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. (அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம்.)

நம் பிள்ளைகள் பலருக்கும் இப்போது இத்தகைய படிவங்கள் வருகின்றன. கடை நடத்தும் சகோதரர்கள் சிலரும் தம் பணியாளர்களிடம் இப்படிக் கேட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் இவற்றில் எளிமையானது. 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பு இருந்ததா, காலையில் களைப்பு நீங்கி எழுந்தீர்களா, அன்றாட வாழ்க்கையில் ஈடுபாடு இருந்ததா என்பவைதான் கேள்விகள். ஒருபோதும் இல்லை என்றால் 0, எந்நேரமும் என்றால் 5. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். ஒருவர் 2, 2, 1, 1, 3 என்று குறித்தால் கூட்டுத்தொகை 9, மதிப்பு 36. 50க்குக் கீழே வந்தால் அவரைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த எண் நோயின் பெயரைச் சொல்லாது. தெர்மாமீட்டர் 102 காட்டினால் டைபாய்டா டெங்குவா என்று அதற்குத் தெரியாதல்லவா? வீட்டில் மவுத்து நடந்து பத்து நாள் ஆனவருக்கு எண் குறைவாகத்தான் வரும்.

மனச்சோர்வை அறிய ஒன்பது கேள்விப் படிவம் ஒன்றும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அதன் கடைசிக் கேள்வி. 'ஆம்' என்று ஒருவர் குறித்தால் அன்றைக்கே அவரோடு பேச ஆள் ஏற்பாடு செய்யாத நிறுவனம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

இளைஞரின் பயத்துக்கு வருவோம். இந்தப் பயத்தை மதித்துச் சட்டம் எழுதிய நாடு ஜப்பான். அளவு மீறிய வேலையால் வரும் மரணத்துக்குக் 'கரோஷி' என்று தனிச்சொல்லே உள்ள நாடு அது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனை நடத்துவது 2015 டிசம்பர் முதல் அங்கே முதலாளியின் கடமை. வழக்கமாக 57 கேள்விகள் இருக்கும். விருப்பமில்லாதவர் விடை சொல்ல வேண்டியதில்லை. முடிவு பணியாளரின் கைக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குக் காட்டக்கூடாது. ஆளை நீக்கும் அதிகாரம் உள்ளவர் பரிசோதனையை நடத்தக்கூடாது. அழுத்தம் மிகுந்தவர் கேட்டால் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும், கேட்டதற்காக அவரை ஒதுக்கக்கூடாது. ஒரு பிரிவின் மொத்த நிலையை முதலாளி பார்க்கலாம். பத்துப் பேருக்கும் குறைவான பிரிவு என்றால் பொதுவாக அதுவும் கிடையாது, ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால்.

நம் கடைகளில் இருப்பதே ஆறு பேர், எட்டுப் பேர். பெயர் எழுத வேண்டாம் என்று தாள் கொடுத்தாலும் கையெழுத்தைப் பார்த்தே முதலாளி பாய் ஆளைச் சொல்லிவிடுவார். ஆகவே சிறிய கடைகளுக்கு இந்தப் படிவங்கள் வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆளின் மனதை விட்டுவிட்டு வேலையை அளந்து பார்க்கலாம். போன வாரம் யார் எத்தனை மணிக்கு வீடு போனார்கள்? வார விடுமுறை எத்தனை முறை தள்ளிப்போனது? சம்பளம் எத்தனை மாதம் தேதி தவறியது? வாடிக்கையாளர் முன்னால் எத்தனை முறை சத்தம் போட்டோம்? வருகைப் பதிவேடும் நம் மனசாட்சியும் போதும், விடை கிடைத்துவிடும். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் கடையில் அந்த நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார்ந்தவரை யாரும் முறைக்காமல் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களில் வேலை செய்யும் பிள்ளைகள், விடையை யார் பார்ப்பார்கள், பெயர் தெரியுமா, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எச்.ஆர். பிரிவிடம் எழுத்தில் கேட்கட்டும். ஒருவர் சொன்ன விடை அமானிதம். அதைக் காப்போம் என்று எழுதித் தராத இடத்தில் மனதைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

அந்த இளைஞர் நம் அலுவலகத்திலேயே ஐந்து கேள்விக்கும் ஒரு தாளில் விடை எழுதிக் கூட்டிப் பார்த்தார். எவ்வளவு வந்தது என்று நாம் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.